ஏழைகளோடு வாழ வந்தவருக்குக் கொடுத்த வீடு

சபியா உம்மா வீட்டு ஆட்டுக்கொட்டில்,
கடற்கரை ஒழுங்கை,
கல்முனை.

லண்டனில் வாழும் பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை சாரதாதேவியின் புருஷன் கந்தப்போடி எழுதிக்கொள்வது. அங்கே குளிர் வாட்டாமல் உங்களையும் மச்சாளையும் கண்ணகை அம்மன் காப்பாற்றட்டும். இங்கே நாங்கள் ஆடுகளோடு சுகம். என் நம்பரை நீங்கள் புளொக் பண்ணி வைத்திருப்பதால் தபாலில் எழுத வேண்டியதாயிற்று, குறை நினைக்க வேண்டாம்.

கொழும்பிலிருந்து பாஸ்டர் ஜெயரூபன் என்றொருவர் வந்தார். தங்கமான மனிசன், அதை மறைக்கமாட்டேன். மதம் மாறச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழைகளுக்குத் தூர நின்று உதவக்கூடாது, அவர்களுக்கு நடுவிலேயே குடியிருந்து ஒழுங்கையை முன்னேற்ற வேண்டும் என்பது அவருடைய சபையின் கொள்கையாம். வீடு வீடாகப் பார்க்க வருகிறார் என்றதும் ஒழுங்கையே சுறுசுறுப்பாகிவிட்டது. சுனாமிக் காலத்திலிருந்து நமக்குப் பழக்கம்தானே, உதவி நிறுவனக்காரர் வந்தால் டீவியும் மோட்டார் சைக்கிளும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், அவர்கள் பக்கத்து வீட்டுக்குப் போனால் எல்லாம் நம் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும். நான் ஒருபடி மேலே போய்க் கூரையிலேறி நாலைந்து ஓடுகளைக் கழற்றிவிட்டேன். சாரதா பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு இருமினாள். அவளுக்கு மூச்சிழுப்பு இருப்பதால் அதற்கு மட்டும் நடிப்புத் தேவைப்படவில்லை. பாஸ்டர் கூரையை அண்ணாந்து பார்த்தார், கண் கலங்கிவிட்டது. "இந்த ஒழுங்கையிலேயே கஷ்டப்பட்ட வீடு இதுதான் ஐயா" என்றார். வென்றுவிட்டோம் என்று சாரதா குசினிக்குள் நின்று சிரித்தாள்.

கஷ்டப்பட்ட வீட்டில்தானாம் அவர் குடியிருக்க வேண்டும்! வீட்டு உறுதிப் பத்திரம் யார் பெயரில் என்று கேட்டார், நானும் மரியாதைக்கு உங்கள் நம்பரைக் கொடுத்தேன். நீங்கள் போனிலேயே வாடகை பேசி முடித்தீர்கள். நாங்கள் காவலுக்குத்தான் இருக்கிறோம், எங்களுக்கு வேறு வீடு இருக்கிறது என்றும் சொன்னீர்களாம். மச்சான், நம் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாமி அதைச் சாரதாவுக்கு மாற்றி எழுதுமுன் கண்ணை மூடியதால்தானே உங்கள் பெயரில் நின்றது? வயிறு எரியுது மச்சான். ஏழைகளோட வாழ வந்தவருக்கு இடம் விட ஏழை எழும்பிப் போகணுமாம், இது எந்த வேதத்தில இருக்கு?

இப்போது அந்த வீட்டுக்குப் புது ஓடு, டைல்ஸ், ஏசி. அவருடைய சபை ஆட்களும் இங்கே வீடு தேடத் தேட வாடகை ஏறி, குடியிருந்த சனத்தில் பாதி தூரத்துச் சாகாமம் பக்கம் போய்விட்டது. போன ஞாயிறு பாஸ்டர் கூட்டம் வைத்து, "இந்தச் சனமெல்லாம் எங்க போகுது?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். "நீங்க வந்த வழியாலதான் ஐயா" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள், அவரும் தட்டினார்.

மாரி தொடங்கப்போகிறது. கொட்டில் ஈரத்தில் இழுப்புக் கூடி, சாரதா உட்கார்ந்தபடிதான் தூங்குகிறாள். அவள் உங்கள் கூடப்பிறந்தவள். மழைக்குமுன் வீட்டைத் திருப்பித் தாருங்கள். இந்தக் கொட்டிலைத் தந்ததும் சொந்தக்காரர் இல்லை, பக்கத்து வீட்டுச் சபியா உம்மாதான். "நான் இரிக்கங்காட்டியும் உங்கள ஒருத்தரும் எழுப்பேலா" என்று சொன்ன மனிசி. அவர் இருக்கும்வரை நாங்கள் தெருவில் நிற்கமாட்டோம். பதிலை அவர் விலாசத்துக்கே அனுப்புங்கள்.

ஒழுகாத கூரையின் கீழ் பிள்ளை குட்டிகளோடு நீங்கள் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் புருஷன்,
சி. கந்தப்போடி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது சபியா உம்மா ஏணியோடு வந்தார். பாஸ்டரின் ஆட்கள் நாளைக்கு அவர் வீட்டைப் பார்க்க வருகிறார்களாம். "கந்தப்போடி, எங்கட கூரையிலயும் ரெண்டு ஓட்டக் கழட்டி உடுங்க மனே. நல்ல வாடகை வந்தா நான் நிந்தவூருல மகள்ட ஊட்ட போய் இருந்திருவன்" என்கிறார். அவருடைய டீவி ஏற்கனவே கொட்டிலுக்குள் வந்துவிட்டது. இடம் தந்த மனிசிக்கு எப்படி மாட்டேன் என்று சொல்வது? ஏறப்போகிறேன். பதிலை இந்த விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம்.