பொட்டாசியம் சபாபதி

நாட்டில் எந்த நல்ல காரியமும் ஒரு கருத்தரங்கில்தான் தொடங்கும். எண்பதுகளில் ஒரு வாரம், கோலாலம்பூர் ஹோட்டலில் நடந்த 'விஞ்ஞான நிர்வாக'க் கருத்தரங்குக்குப் போய், பஃபே சாப்பாட்டோடு ஞானமும் பெற்றுத் திரும்பினார் கிள்ளான் லைசென்ஸ் ஆபீஸ் தலைவர் மீனாட்சிசுந்தரம். மறுநாளே சுவரில் ஒரு பட்டியல் ஏறியது. உச்சியில் பொட்டாசியம், நடுவில் துத்தநாகம், அதற்குக் கீழே செம்பு, கடைசியில் தங்கம்.

"உலோகங்களோட வினைத்திறன் வரிசை. இனிமே டிரான்ஸ்ஃபர் எல்லாம் இதுபடிதான். மகதலேனா, எக்ஸ்பிளேன் பண்ணுங்க."

டைப்பிஸ்ட் மகதலேனா கான்வென்டில் கெமிஸ்ட்ரி படித்தவள். "நீலமா இருக்கிற செம்பு உப்புக் கரைசல்ல துத்தநாகத்தைப் போட்டா, துத்தநாகம் உள்ள போயி உக்காந்துக்கும். செம்பு தூளா அடியில விழுந்திடும். செம்பைத் துத்தநாகக் கரைசல்ல போட்டா ஒண்ணும் நடக்காது. மேல இருக்கிறது கீழ இருக்கிறதைத் தள்ளும், அவ்வளவுதான் சார்."

ஆபீஸ் குமாஸ்தாக்களில், அதாவது கிராணிகளில், சீனியரான சபாபதி தன் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். ஜன்னலோர நாற்காலி, தலைக்கு மேலே காற்றாடி, கூப்பிடு தூரத்தில் வீடு. அந்த நாற்காலியைக் கேட்டுத்தான் கேரி தீவுக் கிளையிலிருந்து தம்புசாமி மனுப் போட்டிருந்தான். அவன் இங்கே வந்தால் சபாபதி தீவுக்குப் போக வேண்டும்.

"யாரு மேல, யாரு கீழன்னு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டார் சபாபதி.

"சிம்பிள் லா. உலோகத்தைத் தண்ணில போட்டுப் பார்ப்பாங்க. துள்ளுறது மேல, சும்மா கிடக்கிறது கீழ. வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் தலையில தண்ணி."

சுற்றறிக்கையாகவே வந்துவிட்டதால் யாரும் சிரிக்கவில்லை. சபாபதி தினமும் குளியலறையில் துள்ளிப் பழகினார். சத்தம் கேட்ட மனைவி ராஜேஸ்வரி, கதவுக்கு வெளியே வேப்பிலையோடு நின்றாள்.

வெள்ளிக்கிழமை, முதலில் தம்புசாமி. தினமும் மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன். ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுதா சார்?" என்றான்.

"தங்கம்!" என்று குறித்துக்கொண்டார் தலைவர்.

அடுத்து சபாபதி. துளி விழுவதற்கு முன்பே, "ஐயோ, எரியுதே!" என்று மேசைமேல் தாவினார். டைப்ரைட்டரை எட்டி உதைத்தார். போட்டிருந்த சட்டையையும் கிழித்துக்கொண்டார். ஆபீஸே கை தட்டியது.

"சாட்சாத் பொட்டாசியம்!" தலைவர் நெகிழ்ந்து போனார். "தம்புசாமியால உங்களை அசைக்கவே முடியாது."

சபாபதிக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறந்ததிலிருந்து எதிலும் அவர் முதலாவதாக வந்ததில்லை.

"சார், ஒரு சின்ன விஷயம்," என்றாள் மகதலேனா. "பொட்டாசியத்தை வெளிய வைக்கக் கூடாது. காத்து பட்டாலே ஆபத்து. மண்ணெண்ணெய்க்குள்ள முக்கித்தான் வைப்பாங்க."

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "எண்ணெய்னா எண்ணெய்தான். நம்ம ஏரியாவுல எண்ணெய் எங்க அதிகம்?"

"கேரி தீவுலதான் சார், பூரா பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம்!" நாலு குரல் ஒன்றாக எழுந்தது.

"தங்கத்தை வெளிய வைக்கலாமா?"

"கழுத்துலயே போட்டுக்கலாம் சார்."

ஆகவே, பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டு, சபாபதி உடனடியாகத் தீவுக்கு மாற்றப்பட்டார். காற்றாடிக்குக் கீழே தம்புசாமி உட்கார்ந்தான். சபாபதி அழுதார், கெஞ்சினார், தரையில் புரண்டார். பொட்டாசியம் என்பதற்கு அதுவும் அத்தாட்சியாகக் கொள்ளப்பட்டது.

மற்ற கிராணிகளுக்குப் புத்தி வந்தது. யார் வந்தாலும், என்ன கேட்டாலும், ஒருவரும் அசைவதில்லை. ஒருநாள் சாப்பாட்டுக் கடை லைசென்ஸுக்காக வந்த ரோசலின், காலையிலிருந்து கால்கடுக்க நின்றுவிட்டு கவுண்டரைத் தட்டினாள். ஒரு தலையும் நிமிரவில்லை. "யோவ், உசிரோடதான் இருக்கீங்களா?" என்று கத்தினாள்.

பின்னால் வரிசையில் நின்றவர் பதறிப்போய், "அக்கா, சும்மா இருங்க லா! துள்ளினா நம்ம எல்லாரையும் தீவு கவுண்டருக்கு மாத்திடுவாங்க," என்றார்.

வரிசை முழுவதும் ஆமாம் என்று தலையாட்டியது. ரோசலினும் வாயை மூடிக்கொண்டாள். அன்று முதல் கிள்ளானில் தங்கத்துக்குப் பஞ்சமே இல்லை.