மாப்பிள்ளை பார்க்க டெக்னோ கிளப்புக்குப் போன விவரம்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு, மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் ரத்த அழுத்தமும் கட்டுப்பாட்டில் இருக்கிறோம். அங்கே உங்கள் உடம்பும் அக்காவின் முழங்காலும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் மகள் கட்டிக்கொள்ள விரும்பும் பையனை நேரில் பார்த்து, அவனிடம் உள்ள குறைகளை ஒன்றுவிடாமல் எழுதச் சொல்லியிருந்தீர்கள். பகலெல்லாம் அவன் தூங்குவதால் வேலை செய்யும் இடத்திலேயே பார்ப்பது என்று முடிவாகி, போன சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையுடன் உங்கள் மகளோடு, அவன் பாட்டுப் போட இளவட்டங்கள் விடிய விடிய ஆடும் அந்த டெக்னோ கிளப்புக்குப் போனேன். முன்பு டயர் கிடங்காக இருந்த கட்டடம், ஜன்னலே கிடையாது. வாசலில் பீரோ அளவுக்கு ஒருவர் நின்றுகொண்டு, "யார் வாசிக்கிறதைக் கேக்க வந்தீங்க?" என்றார். "கேக்க வரலை, மாப்பிள்ளை பாக்க வந்திருக்கேன்" என்றேன். அவர் என் போன் கேமராவின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி உள்ளே விட்டார். ஆகவே நீங்கள் கேட்ட போட்டோ இத்துடன் இணைக்கப்படவில்லை.

உள்ளே கவுண்டரில் இருந்த பெண் மஞ்சளாக, மெத்தென்று இரண்டு உருண்டை கொடுத்தாள். தொண்டைக்கு இதமாக இருக்கும் என்று ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். "மாமா, அது காதுல வைக்கிறது" என்று உங்கள் மகள் சொல்வதற்குள் அது பாதி இறங்கியிருந்தது. மிச்சம் இருந்த ஒன்றை வலது காதில் வைத்துக்கொண்டதில், அன்றைய சத்தம் முழுவதையும் இடது காதே தாங்க வேண்டியதாயிற்று. சத்தம் என்றால் இடி மாதிரி ஒரே அடி, விடாமல். முக்கால் மணி நேரம் பொறுமையாக நின்றுவிட்டு, "பாட்டு எப்போம்மா ஆரம்பிக்கும்?" என்று கேட்டேன். "முடியப் போகுது மாமா" என்றாள். மேடையில் இருந்த பையன் ஒரு காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு எதையோ திருகிக்கொண்டிருந்தான், காதில் கடுக்கன் இருப்பதை அப்போதே குறித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் வயர் கருகும் நெடி வந்தது. முப்பத்துநாலு வருஷம் மின்சார ஆய்வாளராக இருந்தவனுக்கு அந்த நெடி தூக்கத்திலும் தெரியும். ஆனால் அங்கே மெஷின் வைத்துப் புகை விடுகிறார்கள், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூக்கைத் தொடர்ந்து போனால், தூணோரம் இருந்த மின்பெட்டியின் மூடி தோசைக்கல் மாதிரி சுட்டது. கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. உங்கள் மகளையும் கூட்டத்தில் காணோம். வேறு வழியில்லாமல் பையனைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே ஆட்டினேன், நிறுத்து என்று அர்த்தம். பிறகு கையை மேலிருந்து கீழே இழுத்துக் காட்டினேன், மெயினை அணை என்று அர்த்தம். பக்கத்தில் நீல முடியுடன் நின்ற ஒரு பெண் அதையே செய்தாள். அப்புறம் பத்துப் பேர். நான் பதற்றத்தில் வேகமாக ஆட்ட ஆட்ட, என்னைச் சுற்றி வட்டம் கட்டிக்கொண்டு நூறு பேர் வேகமாக ஆட்டினார்கள். ஒருவன் வந்து என் தோளைத் தட்டி, காதருகே "அங்கிள், செம" என்றான். என் சர்வீஸில் ஒரே நேரத்தில் இத்தனை பேர் என் உத்தரவைப் பின்பற்றியதில்லை. எனக்கோ அழுகை வரும்போல் ஆகிவிட்டது, அத்தனையும் சின்னப் பிள்ளைகள், வெளியே போக வழியும் ஒன்றுதான்.

அந்தக் கூட்டத்தில் நான் ஆடவில்லை என்று கண்டுகொண்டவன் அந்தப் பையன் ஒருத்தன்தான். என் முகத்தைப் பார்த்தான், சத்தத்தைச் சட்டென்று நிறுத்திவிட்டான். "என்ன சார்?" "வயர் எரியுது. மெயின் எங்க?" அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. மைக்கை எடுத்து, "எல்லாரும் மெதுவா வெளிய போங்க, ஓட வேண்டாம்" என்று இரண்டு தடவை சொன்னான். கடைசி ஆள் போனதும் மெயினை அணைத்துவிட்டு டார்ச் பிடித்தான். பெட்டியைத் திறந்தால் ஒரு முனை லூஸாகி, வயர் இரண்டு விரல் நீளத்துக்குக் கரியாகியிருந்தது. டார்ச் கொஞ்சமும் ஆடவில்லை.

கிளப் முதலாளி ஓடி வந்து பையன் மேல் பாய்ந்தார். "யாரைக் கேட்டு நிறுத்தின?"

"நான்தான் நிறுத்தினேன்" என்றான் பையன்.

"முன்னூறு பேர் தெருவுல நிக்கிறாங்க. சும்மா ஒரு டேப்பைச் சுத்திட்டுப் போடு."

"நிக்கட்டும். வயர் மாத்தாம போட மாட்டேன்."

"அப்போ நாளையிலேருந்து வராத."

"சரி" என்று சொல்லிவிட்டுத் தன் பெட்டியைக் கட்டத் தொடங்கினான். வெளியே வந்ததும் உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்கு என்ன மாமா எழுதப் போறீங்க?" என்று கேட்டாள். நடந்ததை எழுதுவேன் என்றேன்.

நடந்தது இதுதான். பையனுக்கு வேலை இல்லை. முதலாளி பேச்சைக் கேட்பதில்லை. கடுக்கன் போடுகிறான், மத்தியானம் எழுந்திருக்கிறான். ஆகையால் இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆபரேஷன் ஆன கண்ணைத் தேய்க்காதீர்கள், சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுங்கள். பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் கூறவும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்

பி.கு.: அக்கா, அத்தானுக்குக் கண் ஆறும்வரை நீதான் வாசித்துக் காட்டுகிறாய் என்று தெரியும். இதை மட்டும் மனசுக்குள் படி. மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துத் தலையில் கை வைத்ததும், முதலாளியே பையனைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார். இவன் மாதிரி ஒருத்தன் தேடினாலும் கிடைக்க மாட்டான். இருபத்தெட்டு வருஷமாக நான் வேண்டாம் என்றதைத்தான் அத்தான் வாங்கியிருக்கிறார், வேண்டும் என்றதை ஒருநாளும் தொட்டதில்லை. அதனால்தான் மேலே அப்படி எழுதினேன். அவர் கோபமாக, "இவன் யாரு சொல்றதுக்கு, இந்தப் பையனைத்தான் பண்ணுவேன்" என்று சொன்னதும் நீ ஒரு வார்த்தை மறுத்துப் பேசு. கல்யாணத் தேதியும் முடிவாகிவிடும்.