தெரிந்தவர் அனுப்பிய பிளேட்

சூப்பில் சோளமாவு கூடாது. வறுத்த சோறு கூடாது. சாஸ் தனிக் கிண்ணத்தில் வர வேண்டும். ஆவியில் வெந்த காய்கறியும் நாலு கோழித் துண்டும் போதும். கற்பகவல்லி சொல்லி முடித்தபோது, சர்வர் நாகையா அவள் புருஷன் சோலைச்சாமியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எனக்கும் அதே கொண்டாங்க," என்றாள். "அவுக வாயைக் கட்டையில நான் மட்டும் திங்கவா?"

சோலைச்சாமிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பட்டாசு கம்பெனி ஃபோர்மேன் அவர். சர்க்கரை ஏறியதிலிருந்து வீட்டில் எண்ணெய் மணமே கிடையாது. நாளைக் காலையில் ரத்தப் பரிசோதனை. சர்க்கரை இறங்கியிருந்தால் வாரம் ஒரு எண்ணெய்ப் பரோட்டா என்று கற்பகவல்லி வாக்குக் கொடுத்திருந்தாள். கல்யாண நாளுக்குச் சிவகாசி சைனீஸ் ஓட்டலுக்கு வந்திருந்தாலும், அவர் கண்ணில் நின்றது அந்தப் பரோட்டாதான்.

காய்கறி வந்தது. கூடவே செக்கச்செவேலென்று சில்லி சிக்கனும் வந்தது.

"நாங்க கேக்கலையே?"

"பாலகுரு அண்ணாச்சி குடுக்கச் சொன்னாக."

நாலு டேபிள் தள்ளி லாரி ஷெட் பாலகுரு உட்கார்ந்திருந்தார். தெரிந்தவர் அனுப்பிய பிளேட்டைத் திருப்பினால் அது பகை. அப்புறம் தீபாவளி சீசனில் லோடு ஏற்ற லாரி வராது. சோலைச்சாமி கும்பிட்டார். பாலகுரு ஒரு நிமிஷம் விழித்துவிட்டுப் பதிலுக்குக் கும்பிட்டார்.

"ஏ கற்பகம், இத என்ன செய்ய?"

"நீங்க தொடப்பிடாது. உங்களுக்காக நானே தின்னு தொலைக்கேன்."

மொய்க்கு மொய் வைப்பதுதானே முறை? சோலைச்சாமி ஒரு பிளேட் அவித்த காய்கறியைப் பாலகுருவுக்கு அனுப்பினார். பாலகுரு அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். உடனே பதில் மரியாதையாக ஒரு பெரிய நூடுல்ஸ் வந்து சேர்ந்தது. கற்பகவல்லி பெருமூச்சு விட்டுக்கொண்டு அதையும் இழுத்துக்கொண்டாள்.

இது ஆகாது என்று தூணுக்குப் பின்னால் இடம் மாறினார்கள். அங்கேயும் வந்தது ஃபிரைடு ரைஸ்.

"பேப்பர் ஏஜென்ட் பாண்டிச்செல்வம் அண்ணாச்சி அனுப்புனாக."

"தூணுக்குப் பின்னாடியுமா கண்டுக்கிட்டாரு?"

"உங்க மேல அம்புட்டுப் பிரியம்," என்றார் நாகையா.

கற்பகவல்லிக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. ஆனாலும் கை நிற்கவில்லை. சோலைச்சாமிக்குப் பொறுக்கவில்லை. பரோட்டா போனால் போகட்டும் என்று ஒரு வாய்ச் சோற்றுக்குக் கை நீட்டினார். பட்டென்று அடி விழுந்தது.

"எனக்காக நீ இம்புட்டுக் கஷ்டப்படணுமா, புள்ள?"

"லாரி வரணுமா, வேண்டாமா? பேசாம காயத் தின்னுங்க."

அவருக்குக் கண் கலங்கியது. இப்படி ஒருத்தி அமைய எந்தப் பிறவியில் செய்த புண்ணியமோ! இனி ஒரே வழி, தெரிந்த முகமெல்லாம் கிளம்பும்வரை தலை நிமிராமல் இருப்பது. வெந்த கேரட்டை ஒவ்வொன்றாக மென்றார். பாலகுரு போனார். பாண்டிச்செல்வமும் போனார். "தப்பிச்சோம்!" என்று சோலைச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தபோது, நாகையா கற்பகவல்லியின் காதோரம் குனிந்தார். பாத்திரச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்று கொஞ்சம் உரக்கவே கேட்டார்:

"யக்கா, நீங்க ஆர்டர் சொன்ன கடைசி பிளேட்டு ரெடி. இத யாரு அனுப்புனதுன்னு சொல்லட்டும்? தெரிஞ்சவுக எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாகளே!"