மாயக்காளின் போனில் ஓர் ஆண் குரல்

"அண்ணே, எடதும் வலதும் மாத்தி மாட்டியிருக்கீங்க" என்றார் கடைக்காரர் பரீத்.

சிவபாண்டி ஹெட்போனைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டார். எப்படி மாட்டினாலும் அந்த ஆள் பாடிக்கொண்டுதான் இருந்தான்.

காளவாசல் சிக்னலைப் பார்த்த மாடியில் இருந்தது பரீத்தின் கடை. கீழே பஸ்ஸும் ஆட்டோவும் ஒன்றையொன்று ஏசிக்கொண்டு கிடந்தாலும், கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். உயர்ந்த விலை ஹெட்போன்கள் தவிர வேறெதுவும் விற்பதில்லை என்று பரீத் சபதம் எடுத்திருந்தார். ஒவ்வொன்றும் ஒரு மொபெட் விலை.

"என்ன மாதிரிப் பாட்டு கேப்பீங்கண்ணே? அதைச் சொன்னாத்தான் எதை எடுக்கிறதுன்னு எனக்குத் தெரியும். தவிலுக்கு ஒண்ணு, நாயனத்துக்கு ஒண்ணு, தனிக் குரலுக்கு ஒண்ணு. எல்லாத்துக்கும் ஒண்ணே போதும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க."

"ஆம்பளக் குரல்" என்றார் சிவபாண்டி. "எங்கயோ எட்ட நின்னு பாடுறான். அவன் யாருன்னு…" நாக்கைக் கடித்துக்கொண்டார். "அவன் பாடுறது தெளிவாக் கேக்கணும்."

"டெஸ்ட்டுக்குன்னே நல்ல பாட்டா வச்சிருக்கேன். போடவா?"

"வேணாம் தம்பி. என் போன்லயே இருக்கு."

அது அவர் போன் இல்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் இறந்துபோன அவர் மனைவி மாயக்காளின் போன். போன வாரம் மகள் அஸ்வினி கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். "அம்மா போன்ல நல்ல போட்டோ இருந்தா அனுப்புங்கப்பா, தலைத்திவசத்துக்குப் பெருசாப் போடலாம்" என்றாள். போட்டோ தேடப் போன விரல் எங்கேயோ பட்டு ஒலிப்பதிவுகள் திறந்துகொண்டன. மொத்தம் நாற்பத்தொன்று. ஒன்றைத் தொட்டார். தூரத்தில் ஓர் ஆண் பாடினான். அடுத்ததைத் தொட்டார். அதே ஆண். ஒன்றில் தெம்மாங்கு, ஒன்றில் சோகம், ஒன்றில் தாலாட்டு மாதிரி ஏதோ ஒரு முனகல். நாற்பத்தொன்றிலும் அவனேதான்.

சிவபாண்டி பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, ஏன் நாலு நிமிஷம் தாமதம் என்று கேட்டே முப்பத்தோரு வருஷம் கழித்தவர். இந்தப் பதிவுகளிலோ எண் மட்டும்தான் இருந்தது. நாளும் இல்லை, நேரமும் இல்லை. எங்கிருந்து கிளம்பியது என்றே தெரியாமல் டெப்போவுக்குள் வந்து நிற்கிற வண்டி மாதிரி இருந்தது ஒவ்வொன்றும்.

இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில், ஒரே உலையில் பொங்கிச் சாப்பிட்டவள். எவனோ பாடியதை நாற்பத்தொரு தடவை பிடித்து வைத்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரோ பாட்டுக்கு வெகு தூரம். விசில் ஊதிய வாய். பாட்டுப் பிரியை ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, அவளுக்கு வேண்டியதைக் கொடுக்காமலே இருந்துவிட்டோமோ? அந்த இருபத்தெட்டு வருஷமும் தன்னுடையதுதானா, இல்லை வேறொருத்தன் பாட்டைக் கேட்டுக்கொண்டே அவள் தனக்குச் சோறு போட்டாளா? இது தெரியாமல் அவரால் திவசத்துக்குப் பிண்டம் வைக்க முடியாது போலிருந்தது.

போனில் அப்படியே வைத்துக் கேட்டால் கொசு ரீங்காரம்போல இருந்தது. நல்ல ஹெட்போனில் கேட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் காளவாசலுக்கு வந்தார்.

முதல் ஹெட்போன் தவிலுக்கும் பறைக்கும் பேர் போனது என்றார் பரீத். கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோலக் காதை மூடியது. சிவபாண்டி கண்ணை மூடிக் கேட்டார். பாட்டுக்கு அடியில் இதுவரை கேட்காத ஒரு சத்தம் எழும்பி வந்தது.

"தண்ணி" என்றார்.

"என்னண்ணே?"

"தண்ணிச் சத்தம் கேக்குது தம்பி. தண்ணிக்குப் பக்கத்துல நின்னு பாடுறான்."

பரீத் மேஜைமேல் கையூன்றிக் குனிந்தார். "அண்ணே, இம்புட்டு நாளா இதை விக்கிறேன். அடியில கெடக்கிற சத்தத்தை ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்ல."

சிவபாண்டிக்கு மண்டைக்குள் வேறு ஓடியது. எந்தத் தண்ணீர்? வைகையா? வைகையில் தண்ணீர் வந்ததே வருஷத்தில் நாலு நாள், அதையும் ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். ஒளிந்து நின்று பாட முடியாது. அப்படியானால் குளம். மாயக்காளுக்குத் தெரிந்த குளம்.

"இன்னொண்ணு கொடுங்க" என்றார்.

இரண்டாவது, தனிக் குரலுக்கானது. மாட்டிய உடனே அந்த ஆள் நாலடி நெருங்கி வந்துவிட்டான். சிவபாண்டி சட்டென்று திரும்பிப் பார்த்தார். பின்னால் ஹெட்போன் பெட்டிகள்தான் இருந்தன.

"கழுத்துக்குப் பின்னாடியே நிக்கிறான் தம்பி. மூச்சு விடுறதுகூடக் கேக்குது."

"ஆஹா" என்றார் பரீத், பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அதை எழுதிக்கொண்டே.

"குகைக்குள்ள நின்னு பாடுற மாதிரி இருக்கு. சத்தம் சுவத்துல அடிச்சுத் திரும்புது."

"எதிரொலி. அதுவும் கேக்குதா? அல்லா, என்ன காதுண்ணே உங்களுக்கு."

குளம், குகை. சமணர் மலையில் குகை இருக்கிறது, மலையடிவாரத்தில் தாமரைக் குளம் இருக்கிறது. கீழக்குயில்குடி. அங்கேதான் செல்வக்குமார் இருக்கிறான்.

செல்வக்குமார் மாயக்காளின் அத்தை மகன். முறைமாப்பிள்ளை. அவளுக்கு இவன், இவனுக்கு அவள் என்று சின்ன வயசிலேயே பேசி வைத்திருந்தார்கள். கடைசியில் ஜாதகம் பொருந்தவில்லை என்று பெண்ணை வெளியில் கொடுத்தார்கள். அந்த வெளிதான் சிவபாண்டி. போதாததற்கு, செல்வக்குமார் கோயில் பொங்கலில் மைக்கைப் பிடித்தால் விடியும்வரை விடமாட்டான் என்று மாயக்காளே சொல்லியிருக்கிறாள். சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அந்தச் சிரிப்புக்கு இப்போதுதான் அவருக்கு அர்த்தம் புரிந்தமாதிரி இருந்தது.

இதற்குள் கடையில் இன்னொருவரும் வந்து நின்றார். விக்ரம் என்று பெயர், மென்பொருள் கம்பெனியில் வேலை. பரீத் அவரிடம் மெல்லச் சொன்னார்: "சார், கொஞ்சம் பொறுங்க. பெரிய ரசிகரு கேட்டுக்கிட்டிருக்காரு. அவர் சொல்றதைக் கேட்டுட்டு வாங்குங்க."

மூன்றாவது ஹெட்போன் கடையிலேயே உயர்ந்தது. ஜப்பானில் ஒருவர் கையாலேயே செய்கிறாராம். நாயனக் கச்சேரியை முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பதுபோல இருக்குமாம். அதில் பதினேழாம் பதிவைப் போட்டார் சிவபாண்டி.

தண்ணீர் விழுந்தது. பாட்டு எதிரொலித்தது. 'டங்' என்று வெண்கலத்தில் எதுவோ மோதியது. கோயில் மணியேதான். ஒரு நிமிஷம் நாற்பதாவது விநாடியில், பாட்டுக்கு இந்தப் பக்கம், போனுக்கு வெகு அருகில், ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மாயக்காள்.

அவள் சிரித்து அவர் கேட்டிருக்கிறார். கல்யாண வீடுகளில் கேட்டிருக்கிறார், டிவி பார்க்கையில் கேட்டிருக்கிறார். இந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. பிடித்தமான ஒன்றை யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொண்டவள் சிரிக்கிற சிரிப்பு.

"என்னண்ணே, கண்ணு கலங்குது?"

"ஒண்ணுமில்ல" என்றார் சிவபாண்டி. "அம்புட்டுத் தெளிவு."

பரீத் விக்ரமைப் பார்த்தார். "பாத்துக்கங்க சார். அழுகிறாரு. இதுக்கு மேல ரிவ்யூ என்ன வேணும்?"

விக்ரம் பணிவாகக் கேட்டார். "சார், நான் மெலடியும் கேப்பேன், குத்தும் கேப்பேன். ரெண்டுக்கும் எது சரியா வரும்?"

"எதுவும் வேணாம் தம்பி" என்றார் சிவபாண்டி. "தெளிவாக் கேக்க ஆரம்பிச்சா நிம்மதி போயிரும்."

விக்ரம் அந்த நிமிஷமே அந்த ஜப்பான் ஹெட்போனில் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அந்தச் சந்தோஷத்தில் பரீத், மாதிரிக்கு வைத்திருந்ததைச் சிவபாண்டியின் கையில் திணித்தார். "ரெண்டு நாள் வீட்டுல வச்சுக் கேளுங்கண்ணே. தோணுறதை மட்டும் எனக்குச் சொல்லுங்க, போதும்."

சிவபாண்டி வில்லாபுரம் வீட்டுக்கு வந்ததும் செல்வக்குமாருக்குப் போன் போட்டார். "சனிக்கிழமை காலைல வா தம்பி. ஒரு வேலை இருக்கு."

குரலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் தீர்ந்தது. ஆமா என்றால் ஆமா, இல்லை என்றால் இல்லை. இரண்டு நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பாத்திரம் தேய்க்க வரும் ஒச்சம்மாள் அப்படியே இருந்த சோற்றுச் சட்டியைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஒடம்புக்கு முடியலயா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை ஒரு பை நிறையக் கத்தரிக்காயோடு வந்தான் செல்வக்குமார். வயது ஐம்பத்தைந்து, நாலு எருமை, இரண்டு பேரப்பிள்ளைகள். வந்ததும் மாயக்காள் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். அவன் எவ்வளவு நேரம் நிற்கிறான் என்று சிவபாண்டி கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பது விநாடி. அத்தை மகனுக்கு இது அதிகமா, குறைவா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"என்னண்ணே, வேலைன்னீங்க?"

"ஒரு பாட்டு பாடு."

செல்வக்குமார் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "துக்க வீட்டுல பாட்டா? இன்னும் வருசம் திரும்பலயேண்ணே. தெருவுல என்ன பேசுவாக?"

சிவபாண்டி இதை யோசித்திருக்கவில்லை. கண்ணில் பட்டது ஹெட்போன். "இதை மாட்டிக்கிட்டுப் பாடுனா வெளிய கேக்காதுடா" என்றார்.

"நெசமாவா?"

"ஜப்பான்ல செஞ்சது."

செல்வக்குமார் நம்பிக்கையோடு மாட்டிக்கொண்டான். தொண்டையைச் செருமினான். அவன் காதுக்கே அது சரியாகக் கேட்கவில்லை. தனக்கே கேட்காதது ஊருக்கு எங்கே கேட்கப்போகிறது என்று, மைக் இல்லாத குறை தீர, அடிவயிற்றிலிருந்து ஒரு தெம்மாங்கை எடுத்துவிட்டான்.

எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று குரைத்தது. பக்கத்து வீட்டுப் பாண்டிமீனா மதில்மேல் தலையை நீட்டி, "என்ன, மதினி இல்லாத வீட்டுல கச்சேரி வச்சிருக்கீக?" என்றாள். தெருவில் போன தண்ணீர் வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். சிவபாண்டி கையைக் கையை ஆட்டினார். பாட்டு நன்றாக இருக்கிறது என்று கை காட்டுவதாக எடுத்துக்கொண்டு செல்வக்குமார் இன்னும் ஒரு கட்டை ஏற்றினான்.

ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது. அது இந்தக் குரல் இல்லை. எருமை பிரசவிக்கிற மாதிரி இருந்தது. இவன் பாட்டைப் பிடித்து வைக்க மாயக்காளுக்கு என்ன கிறுக்கா? ஒரு மூச்சு நிம்மதியாக விட்டார் சிவபாண்டி. அடுத்த மூச்சே அடைத்தது. இவன் இல்லையென்றால், இனி மதுரை ஜில்லாவில் மிச்சமிருக்கிற அத்தனை ஆண்களும்தானே?

செல்வக்குமார் பாடி முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேஜையைப் பார்த்தான். "மாயக்கா போனுல்ல இது? அவ போன்ல எதுக்குண்ணே வயரைச் சொருகியிருக்கீங்க?"

"அதைத் தொடாத" என்று சிவபாண்டி போனைப் பிடுங்கினார். செல்வக்குமார் ஹெட்போனைத் தலையில் வைத்தபடியே எழுந்தான். வயர் இழுபட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்தது. பிடுங்கின அவசரத்தில் சிவபாண்டியின் கட்டைவிரல் பதினேழாம் பதிவின்மேல் அழுந்தியது. முழுச் சத்தத்தில் வைத்திருந்த போன், வீடு முழுக்கப் பாட ஆரம்பித்தது.

தண்ணீர் விழுந்தது. ஆண் பாடினான். வெண்கலம் 'டங்' என்றது. நிறுத்துகிற இடம் எது என்று விரல் தேடுவதற்குள் ஒரு நிமிஷம் நாற்பது விநாடி கழிந்துவிட்டது. மாயக்காள் சிரித்தாள்.

செல்வக்குமார் மெல்ல ஹெட்போனைக் கழற்றினான். அவன் முகத்தில் இருந்த கேள்வியைச் சிவபாண்டி பார்த்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை. சொந்தக்காரன் ஒருத்தனுக்கும் தெரிந்துபோயிற்று.

"மாயக்கா சிரிக்கிறா" என்றான் செல்வக்குமார். "பாடுறது யாருண்ணே?"

"தெரியல தம்பி." சிவபாண்டி ஒருவழியாகப் பாட்டை நிறுத்தினார். "நாப்பத்தொரு தடவை பிடிச்சு வச்சிருக்கா. இருபத்தெட்டு வருசம் கூட இருந்தேன், அவ மனசுல இருந்தது எவன்னு தெரியல."

பின்கட்டிலிருந்து ஒச்சம்மாள், சாம்பல் அப்பிய ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றாள். போனை ஒரு தடவை பார்த்தாள், சிவபாண்டியை ஒரு தடவை பார்த்தாள்.

"நீங்க வெண்கல அண்டாவுல மோந்து குளிக்கையில ஒங்களை அறியாமப் பாடுறதுதாண்ணே இது, சொன்னா வெக்கப்பட்டு நிப்பாட்டிருவீகன்னுதான் அக்கா கதவுக்கு வெளிய சத்தமில்லாம நின்னு பிடிச்சு வச்சாக."