தரைக்கும் வண்டிக்கும் நடுவில்

"மாமா, கொஞ்சம் நடுவுல நகர்ந்து உக்காருங்க. ஆங், அங்கேயே இருங்க, அசையாதீங்க."

குரல் வண்டிக்கு அடியிலிருந்து வந்தது. பின்சீட்டில் கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமனார் கதவு வழியாகக் குனிந்து பார்த்தார். மாப்பிள்ளையின் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏசி நல்லாத்தான் வருது மாப்பிள்ளை."

"அதைத்தான் மாமா பாத்துக்கிட்டிருக்கேன்."

வண்டிக்கு அடியில் படுத்து ஏசியைச் சோதிக்கும் வழக்கம் எங்கேயும் கிடையாது. வேலைக் காலம் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்ற மாமனாருக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் மாப்பிள்ளை சொல்லிவிட்டார். மறு பேச்சுப் பேசாமல் குளிரக் குளிர உட்கார்ந்திருந்தார்.

அடியில் படுத்திருந்தவருக்கு ஆபீசில் மில்லிமீட்டர் என்று பெயர். கட்டடங்களில் லிஃப்டைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற வேலை. லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரு நூல் முன்னே பின்னே நின்றாலும் கையெழுத்துப் போடமாட்டார். அளந்து சொன்னால் அளந்ததுதான், அதற்கு மேல் கடவுளே வந்தாலும் பேச்சில்லை என்பது அவர் கட்சி. அந்தப் பெயர் எப்படியோ வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

இப்போது அவர் அளந்துகொண்டிருந்தது வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியை. காரணம், ஒரு சத்தம்.

மாமனாருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. நடைப் பயிற்சிக்காக அவரைச் சிகிச்சை மையத்துக்கு அழைத்துப் போய்வர வேண்டும். வழியெல்லாம் வேகத்தடை. அவற்றில் ஏறி இறங்கும்போது, மில்லிமீட்டர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே, 'கர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். கேட்கிறவன் பல்லே கூசும். சத்தம் கேட்டதும் அவர் பிரேக்கை மிதித்து, வண்டியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டு, மீதி வழியெல்லாம் ஊர்ந்துகொண்டு போவார்.

தனியாக ஓட்டும்போது சத்தம் இல்லை. மனைவியோடு போகும்போதும் இல்லை. மாமனார் ஏறினால் மட்டும் வந்தது. இதிலிருந்து மில்லிமீட்டர் ஒரு முடிவுக்கு வந்தார். மாமனார் கொஞ்சம் கனம்.

ஆனால் பெண்ணைக் கொடுத்தவரிடம் போய், "மாமா, உங்க கனத்துல வண்டி தரையில தேயுது" என்று சொல்ல முடியுமா? அதனால்தான் ஏசி. முந்தின நாள் இன்னொரு வேலையும் செய்திருந்தார். குடியிருப்பின் லிஃப்டில் மாமனாரை ஏற்றி, அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டார். "லிஃப்ட் சரியா இருக்கா மாப்பிள்ளை?" என்று மாமனார் கேட்டதற்கு, "லிஃப்ட் சரியாத்தான் இருக்கு மாமா" என்று பெருமூச்சு விட்டார்.

அடியிலிருந்து வெளியே வந்தவரிடம் மனைவி கேட்டாள்.

"என்ன கண்டுபிடிச்சீங்க?"

"அப்பா ஏறினா பின்பக்கம் ஒரு விரக்கடை இறங்குது."

"மெதுவா பேசுங்க. அடியில கீறல் ஏதாவது இருக்கா?"

"இல்ல. அடியில கெட்டியா கறுப்புப் பூச்சு குடுத்திருக்கான். அதுல கீறல் தெரியாது."

கீறல் இல்லாததற்குக்கூட அவரிடம் பதில் இருந்தது. அவரிடம் பதில் இல்லாமல் போன நாளை அவள் இன்னும் பார்க்கவில்லை.

"இதோ பாருங்க. சனிக்கிழமை எங்கண்ணன் வர்றாரு. அவரும் கூடவே வண்டியில வருவாரு. அன்னைக்கும் இந்தச் சத்தம் வந்துச்சுன்னா, 'இந்த வண்டியில அப்பாவை எதுக்கு இடிச்சு இடிச்சுக் கூட்டிட்டுப் போறீங்க, என் வீட்டுக்கு அனுப்புங்க'ன்னு கையோட கூட்டிட்டுப் போயிடுவாரு. எனக்கு அப்பா இங்கதான் இருக்கணும்."

இந்த வண்டியை வாங்கும்போது, "வேண்டாம் மாப்ளே, பாக்கத்தான் ஒசரம், வேகத்தடையில கண்டிப்பா இடிக்கும்" என்று சொன்னவர் அந்த மச்சான்தான். "இடிச்சா நான் மீசையை எடுத்துடறேன்" என்று சொன்னவர் இவர். மீசை போனால் போகட்டும். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மாமனாரோடு செஸ் ஆடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அதோடு, லிஃப்ட் கயிறு எப்படித் தேயும் என்று அவர் ஆரம்பித்தால் எழுந்து போகாமல் கடைசிவரை கேட்கிற ஒரே ஜீவன் அந்த வீட்டில் மாமனார்தான். அவரை விட்டுக்கொடுக்க முடியாது.

"சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடறேன்" என்றார். "இதெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்ல."

முதலில் எதிரியின் உயரம் தெரிய வேண்டுமே. காலையில் டேப்பும் ஒரு நீளப் பலகையுமாகத் தெருமுனைக்குப் போய் வேகத்தடையின் மேல் குந்தி உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. யாரோ அதிகாரி வந்திருக்கிறார் என்று நினைத்து, எதிர்வீட்டு அம்மாள் தன் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டிருப்பதைப் பற்றி விரிவாக முறையிட்டாள். மில்லிமீட்டர் அதையும் எட்டிப் பார்த்து, "வாட்டம் சரியில்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தார்.

அளவு அவரைக் குழப்பியது. மாமனார் உட்கார்ந்திருந்தாலும் வண்டி வேகத்தடையைவிட நாலு விரல் உயரத்தில்தான் இருந்தது. கணக்குப்படி இடிக்கவே கூடாது.

"ஏறி இறங்குற வேகத்துல ஸ்பிரிங் அமுங்குது. அதான்" என்று அன்று ராத்திரி செஸ் பலகைக்கு மேலே விளக்கினார்.

மாமனார் குதிரையை நகர்த்தியபடி மெல்லச் சொன்னார். "நான் பஸ் ஓட்டுனப்ப, வேகத்தடை வந்தா ரெண்டாவது கியருக்கு இறங்கிடுவேன் மாப்பிள்ளை. உள்ள இருக்கறவங்களுக்கு ஏறி இறங்கினதே தெரியாது."

"அது அந்தக் காலத்து பஸ் மாமா. இந்த வண்டியில அதெல்லாம் தேவையில்ல. வேகத்தை ஸ்பிரிங்கே பாத்துக்கும்."

"ஓ" என்றார் மாமனார்.

முதல் வைத்தியமாக டயர்களில் காற்றை ஏற்றினார். காற்று ஏற ஏற வண்டி உயரும், உயர்ந்தால் இடிக்காது. வண்டி உண்மையிலேயே உயர்ந்தது. ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லும் அவர் முதுகெலும்பைத் தொட்டுக் குசலம் விசாரித்தது. சரியாகிவிட்டதா என்று பார்ப்பதற்காக, வேகத்தடையை வழக்கத்தைவிட வேகமாக ஏறினார். மாமனாரின் தலை கூரையில் முட்டியது. 'கர்ர்ர்ர்ர்ர்' என்று முன்னைவிட நீளமாகச் சத்தம் கேட்டது.

"காத்து பத்தாது. ஸ்பிரிங்குலதான் கை வைக்கணும்" என்றார் மில்லிமீட்டர்.

மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்து தலையைச் சொறிந்தார். "கம்பெனி குடுத்த ஒசரமே தாராளமா இருக்கே சார். எதுக்கு?"

"அளந்துட்டேன். போடுங்க."

பின்பக்க ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவில் கெட்டியான ரப்பர் வளையங்கள் ஏறின. பின்பக்கம் கம்பீரமாக உயர்ந்தது. அதனால் மூக்கு தாழ்ந்தது. வாசலில் நின்று பார்த்த மனைவி, "கீழ விழுந்த ஊசியைத் தேடற மாதிரி நிக்குதுங்க" என்றாள். அன்று மாலை விளக்குகள் ரோட்டைக் காட்டாமல் பம்பருக்கு முன்னால் ஒரு முழத் தரையை மட்டும் பிரகாசமாகக் காட்டின. சத்தம் போகவில்லை. அவர் இன்னும் நம்பிக்கையோடு, இன்னும் வேகமாக ஏறியதால், ஒவ்வொரு தடையிலும் இரண்டு முறை கேட்டது.

அடுத்து முன்பக்கமும் உயர்ந்தது. கூடவே பெரிய டயர்கள் நாலும் வந்தன. இப்போது வண்டியைப் பார்த்தால் மலையேறப் புறப்பட்ட மாதிரி இருந்தது. மில்லிமீட்டர் மீண்டும் அடியில் நுழைந்தார். இந்த முறை நெளியாமல், தாராளமாக, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தார்.

"ஒரு பூனை நின்னுக்கிட்டே போகலாம்!" என்றார்.

"பூனை போகும். எங்கப்பா எப்படி ஏறுவாரு?" என்றாள் மனைவி.

அதை அவர் யோசித்திருக்கவில்லை. ஆபரேஷன் ஆன முட்டியோடு அந்த உயரத்துக்குக் காலைத் தூக்க மாமனாரால் முடியவில்லை. மில்லிமீட்டர் சமையலறை முக்காலியை எடுத்து வந்தார். முக்காலியில் ஒரு கால், வண்டியில் ஒரு கால், பின்னாலிருந்து மாப்பிள்ளையின் இரண்டு கைகள் என்று ஏறி உட்கார்ந்த மாமனார், "பழைய பஸ் ஞாபகம் வருது" என்று மட்டும் சொன்னார். அதில் கிண்டல் இருந்ததா என்று மில்லிமீட்டருக்குப் பிடிபடவில்லை.

அத்தோடு போகவில்லை. குடியிருப்பின் கீழ்த்தளத்து நிறுத்துமிடத்தில் ஒரு குறுக்கு உத்தரம் இருந்தது. வண்டியின் கூரைக் கம்பி அதில் உரசியது. அடியில் இடிக்கிறது என்று ஆரம்பித்த வைத்தியம், இப்போது தலையிலும் இடிக்கும்படி செய்துவிட்டது. மில்லிமீட்டர் அசரவில்லை. மாலையில் உள்ளே நுழையும் முன் நாலு டயரிலும் காற்றை இறக்குவார். காலையில் வெளியே வந்ததும் கால் பம்பால் மிதித்து மிதித்து ஏற்றுவார்.

"உடம்புக்கும் நல்லதுதானே" என்றார் காவலாளியிடம். காவலாளி கதவைத் திறந்துவிட்டார்.

சனிக்கிழமை வந்தது. மச்சானும் வந்தார். சலவைச் சட்டையும் வாசனையுமாகக் காரிலிருந்து இறங்கியவர், பம்பை மிதித்துக்கொண்டிருந்த மில்லிமீட்டரை மேலும் கீழும் பார்த்தார். கையெல்லாம் கிரீஸ், சட்டையில் டயர் கறை, நெற்றியில் வியர்வை.

"என்ன மாப்ளே, கடை எதுவும் போட்டிருக்கீங்களா?"

"ஏறுங்க மச்சான். இன்னைக்கு நீங்களே பாருங்க."

முக்காலி வைத்து மாமனார் ஏறினார். வழக்கம்போல மாப்பிள்ளைக்கு நேர் பின்னால், கைத்தடியும் தானுமாக உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவி. முன்னால் மச்சான்.

தெருமுனை வேகத்தடை தெரிந்தது. மில்லிமீட்டர் மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார். இவ்வளவு உயர்த்திய பிறகு இடிக்க வழியே இல்லை. அளந்தாகிவிட்டது. வேகத்தைக் குறைக்காமல், சொல்லப்போனால் கொஞ்சம் கூட்டியே, ஏறினார்.

கர்ர்ர்ர்ர்ர்ர்ர்!

மில்லிமீட்டர் பிரேக்கை மிதித்தார். அதன் பிறகு சிகிச்சை மையம் வரைக்கும் வண்டி கல்யாணப் பெண் மாதிரி அடிமேல் அடி வைத்துப் போனது.

மையத்து வாசலில்தான் மச்சான் வாயைத் திறந்தார். "வருத்தப்படாதீங்க மாப்ளே. நீங்க என்னதான் பண்ணுவீங்க? வீட்டுக்குத் திரும்பினதும் அப்பா என் வண்டிக்கு மாறிக்கட்டும். நேரா என் வீட்டுக்கே போயிடலாம்."

மனைவி கணவனைப் பார்த்தாள். அவரிடம் பதில் இல்லாத நாள் ஒருவழியாக வந்துவிட்டது. அதைப் பார்க்க ஆசைப்பட்டவள்தான் என்றாலும், பார்த்தபோது அவளுக்குத் தாங்கவில்லை. அண்ணனோடு சேர்ந்து அப்பாவைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போனாள்.

மில்லிமீட்டர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். அவர் எப்போதும் வெளியிலேயே காத்திருப்பவர், இதுவரை அந்த மையத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. முக்காலியை எடுத்து வைக்கப் பின்கதவைத் திறந்தபோது, மாமனாரின் கைத்தடி சீட்டிலேயே கிடப்பதைப் பார்த்தார். இனி ராத்திரி யாரோடு செஸ் ஆடுவது? ஒரு கையில் முக்காலியும் மறு கையில் தடியுமாக அப்படியே உள்ளே போனார்.

நடைவழியில் பயிற்சி தரும் பெண் எதிரே வந்தாள். கிரீஸ் கறையையும் முக்காலியையும் பார்த்தாள்.

"ஐயாவோட தடியா? இன்னைக்கு டிரைவர் போட்டுட்டாங்க போல, குடுங்க அண்ணே. நல்லவேளை கொண்டுவந்தீங்க."

தான் டிரைவர் இல்லை என்று சொல்லும் தெம்புகூட அவருக்கு இல்லை. அவள் தடியைத் திருப்பி அடிநுனியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பாருங்க, போன தடவைதான் புது ரப்பர் மாட்டினேன். அதுக்குள்ள கிழிஞ்சு இரும்பு தெரியுது."

மில்லிமீட்டரும் பார்த்தார். இரும்பு நுனியில் வரிவரியாகப் புதுத் தேய்மானம் பளபளத்தது.

"இது எங்கம்மா இப்படித் தேயுது?" என்று கேட்டார்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணே. வேகமா ஓட்டாதீங்கன்னு மாப்பிள்ளைகிட்ட நேரா சொன்னா மரியாதையா இருக்காதாம், அதனால ஒவ்வொரு வேகத்தடைக்கும் மாப்பிள்ளை சீட்டுக்கு அடியில இருக்கற இரும்புல இந்தத் தடியால 'கர்ர்ர்'னு ஒரு இழுப்பு இழுப்பாராம், தங்கமான மனுஷன் உடனே ஊர்ந்துகிட்டுப் போவாராம், மகன் வண்டியில எத்தனை இழுத்தாலும் நடக்காதுங்கறதால அந்த வீட்டுக்கு மட்டும் போகவே மாட்டேன்னு இப்பதான் உள்ள அடம் பிடிச்சுக்கிட்டிருக்காரு!"