கடல், யானை, புலி காட்டப்படும்

கோவளத்தில் பஸ் வந்து நின்று மூன்று மணி நேரம் ஆகியும், எருமப்பட்டி டூர் பஸ்ஸில் வந்த முப்பத்திரண்டு பேரும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்கள். சோறு இன்னும் வேகவில்லை.

ஓட்டலில் சாப்பிட்டால் வயிறு கெட்டுவிடும் என்று அரிசி மூட்டை, அண்டா, விறகு, நாமக்கல் முட்டை இருபது அட்டை, சமையலுக்குப் பாப்பாயி என எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எண்பத்திரண்டாம் வருஷம் தை மாதத்தில் கிளம்பிய டூர் அது. வாளையாறு தாண்டுவதற்குள் முட்டை பாதி உடைந்து, பாலக்காட்டில் மூன்று வேளையும் ஆம்லெட் தின்றது தனிக்கதை.

டூரை நடத்தியவர் செங்கோட்டையன். ‘கடல், யானை, புலி காட்டப்படும்’ என்று நோட்டீஸ் அடித்தவர். கடலையே அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். மற்ற இரண்டையும் காலண்டரில் பார்த்ததோடு சரி.

ஊருக்குப் புண்ணியம் சேர்க்க அவர் இதில் இறங்கவில்லை. சங்ககிரி லாரி ஓனர் கைலாசத்தின் மகனுக்குத் தன் மகள் வசந்தாமணியைக் கொடுக்க ஆறு மாதமாக நடையாய் நடந்துகொண்டிருந்தார். "நாலு நாள் கூட இருந்து பாத்தாத்தானுங்க ஒரு மனுசன் தெரியும்" என்று கைலாசம் இழுத்தடித்தார். அதனால்தான் டூர். அதனால்தான் கைலாசத்துக்கும் அவர் மனைவி சென்னம்மாளுக்கும் முன் சீட்.

"தண்ணி தீந்துபோச்சுங்க" என்று பாப்பாயி செங்கோட்டையன் முன்னால் வந்து நின்றாள்.

"எதுத்தாப்பல இத்தன தண்ணி கெடக்குது, தீந்துபோச்சுங்கற?"

"அது உப்புத் தண்ணிங்களே."

"சோத்துக்கு எப்படியும் உப்புப் போடத்தான போற?"

சோறு வெந்து இறங்கியதும் கைலாசம் ஒரு வாய் வைத்தார். பிறகுதான் திரும்பிக் கடலைப் பார்த்தார், வரப்புத் தகராறில் பக்கத்துக் காட்டுக்காரனைப் பார்ப்பது போல.

"மோராச்சும் இருக்குதா?"

"தீந்துபோச்சுங்க."

செங்கோட்டையன் பாப்பாயியைத் தனியே கூப்பிட்டுப் பல்லைக் கடித்தார். "இங்க பாரு. இனிமே யாரு வந்து நின்னாலும் இல்லைங்கற பேச்சு உன்ற வாயில வரக்கூடாது. வயிறு நெறையப் போட்டு அனுப்பு. எம்பட மானமே உங்கையிலதான் இருக்குது."

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். "நாளைக்குத் தேக்கடிங்க. ஆனைக்கு நான் ஏற்பாடு பண்ணியாச்சு."

தேக்கடியில் யானை இருக்கிறதா என்று இவர் கேட்க, கடற்கரையில் வாழைப்பழம் விற்றவர் தலையை ஆட்டினார். ஏற்பாடு என்பது அவ்வளவுதான்.

மறுநாள் தேக்கடியில் காட்டோரமாக பஸ்ஸை நிறுத்தி, கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். முட்டிவலிக்காரியான சென்னம்மாள் பாப்பாயிக்குத் துணையாக உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் நிஜாமுதீன் தூங்கப் போனார். மற்றவர்கள் படகேறினார்கள்.

ஒரு மணி நேரம் தண்ணீர் தெரிந்தது. இன்னொரு மணி நேரமும் அதே தண்ணீர்தான் தெரிந்தது. ஏரிக்குள் நின்ற பட்ட மரங்களில் கொக்குகள் உட்கார்ந்து இவர்களை வேடிக்கை பார்த்தன. கைலாசம் மூன்றாவது தடவையாகக் கொட்டாவி விட்டபோது தூரத்துக் கரையில் கறுப்பாக ஒன்று தெரிந்தது.

"அதா பாருங்க ஆனை" என்றார் செங்கோட்டையன்.

"அசையலீங்களே."

"படுத்திருக்குதுங்க."

"காதைக் காணமே."

"அது அந்தப் பக்கமா இருக்குமுங்க."

படகுக்காரர் உபகாரமாகக் கிட்டே கொண்டுபோனார். யானையின் விலாவில் வெள்ளைச் சுண்ணாம்பால் பதினேழு என்று எழுதியிருந்தது.

"இந்த ஊர்ல ஆனைக்கெல்லாம் நம்பர் போட்டுருவாங்க" என்று செங்கோட்டையன் சொல்லிப் பார்த்தார்.

"எங்க லாரிக்கும் நம்பர் இருக்குதுங்க" என்றார் கைலாசம். "ஆனா அது நகரும்."

படகே சிரித்தது. கைலாசம் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு ஆனையக் காட்ட முடியாதவரு, நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா எப்படிங்க வந்து முன்னால நிப்பாரு?"

நிச்சயத்துக்கென்று இளம்பிள்ளையில் பட்டுச்சேலை எடுத்தாகிவிட்டது. வசந்தாமணி அதற்கு ரவிக்கையும் தைத்துவிட்டாள். ஒரு பாறையால் தன் மகளின் கல்யாணம் நின்றுபோகும் என்று எந்த ஜோசியனும் சொல்லவில்லையே என்று செங்கோட்டையனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் கையில் ஒன்று மிச்சமிருந்தது.

"மொதல்ல சாப்புடலாமுங்க. வெல்லப்பாகும் நெய்யும் ஊத்திப் பொங்கல் வெக்கச் சொல்லியிருக்கறன். ஒரு அண்டா."

பொங்கல் என்றதும் கைலாசத்தின் முகம் கொஞ்சம் இளகியது. கரையேறிய முப்பது பேரும் பஸ்ஸை நோக்கி ஏறக்குறைய ஓடினார்கள்.

பஸ்ஸில் கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. உள்ளே நிஜாமுதீன் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். கதவைத் தட்டினால் திறக்க மாட்டேன் என்று கையை ஆட்டினார். அண்டா பத்தடி தள்ளிக் கவிழ்ந்து கிடந்தது. அதில் ஒரு பருக்கை இல்லை. கழுவி வைத்ததுபோல் மின்னியது.

சென்னம்மாள் அரிசி மூட்டைமேல் முகமெல்லாம் பூரித்து உட்கார்ந்திருந்தாள். புருஷனைக் கண்டதும் எழுந்தேவிட்டாள்.

"ஏனுங்க, இந்தச் சம்மந்தத்த மட்டும் உட்டுறாதீங்க. இப்படியொரு ஏற்பாடு நம்ம சனத்துல எவனுஞ் செய்ய மாட்டான்."

கைலாசத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. செங்கோட்டையனுக்கு அதைவிட விளங்கவில்லை.

"பொங்கல் எங்க, பாப்பாயி?"

பாப்பாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பவ்வியமாகச் சொன்னாள்.

"யாரு வந்து நின்னாலும் இல்லைங்கக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல, அதான் நீங்க ஏற்பாடு பண்ணுன ஆனைக்கு அண்டாவோட வெச்சுட்டனுங்க; பொழுதோட வர்ற புலிக்குப் பொங்கலே போதுமா, இல்ல கறி எடுக்கோணுமுங்களா?"