இரண்டு துண்டும் நாலு பக்க நிரூபணமும்

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் கொழிஞ்சாம்பாறை பஸ் வந்து நிற்பதற்கு முன்பே ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடித்தார். அந்த நொடியில்தான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை உதித்தது. அவர் முட்டிமோதி ஏறி வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. அதுவரை அத்தனை நெரிசலிலும் அந்தத் துண்டின்மேல் ஒருவர்கூட உட்காரவில்லை. ஒரு முழத் துணிக்கு இவ்வளவு அதிகாரமா, இதை வைத்து எங்கள் வாய்க்கால் சண்டையையே தீர்த்துவிடலாமே என்று தோன்றியது. (நான் நின்றுகொண்டுதான் வந்தேன். பேண்ட் போட்ட படிப்பாளி துண்டுக்கு எங்கே போவான்?)

அப்போது நான் கோயமுத்தூரில் எம்.எஸ்ஸி. கணிதம் கடைசி வருஷம். கம்ப்யூட்டர் பாடம் உண்டு, கம்ப்யூட்டர்தான் கிடையாது. நாங்கள் எழுதும் புரோகிராம்கள் அட்டைகளில் துளைகளாகி ரயிலேறி மெட்ராஸ் போகும். மூன்று வாரம் கழித்து, ஏழாவது வரியில் ஒரு கமா குறைகிறது என்ற தகவலோடு திரும்பி வரும். கமாவைப் போட்டு அனுப்பினால் இன்னும் மூன்று வாரம்.

இந்தக் கொடுமைக்கு எங்கள் பேராசிரியர் ஒரு மாற்று வைத்திருந்தார். புரோகிராமை ஓட்டியே பார்க்க வேண்டாம், கரும்பலகையிலேயே நிரூபித்துவிடலாம் என்பார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எது உண்மை, பின்னால் எது உண்மை என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். கடைசி வரியில் நமக்கு வேண்டியது தானாக வந்து நிற்கும். எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுவதற்கு முன்னால் எது உண்மை, பின்னால் எது உண்மை என்று சொல்ல ஆரம்பித்ததில், பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் போயிற்று.

அந்தப் பாடத்தின் கடைசி வகுப்பு ஒரு சனிக்கிழமை மத்தியானம். நிரூபிக்கத்தான் தெரிந்துவிட்டதே, இனி என்ன மிச்சம் என்று அதற்கு மட்டம் போட்டுவிட்டு, பரீட்சைக்கு முந்திய லீவுக்கு ஊருக்குக் கிளம்பினேன். மேலே சொன்ன பஸ் அதுதான்.

எங்கள் வயல் பெருமாட்டிப் பக்கம். வாய்க்காலுக்குக் கிழக்கே எங்களுடையது, மேற்கே என் தாய்மாமா நாச்சிமுத்துவுடையது. ஆளுக்கொரு மடை. எட்டு நாளைக்கு ஒருமுறை, ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கர் காலையில் தண்ணீர் விட்டுச் சாயங்காலம் அடைத்துவிடுவார். ஒரு மடை மட்டும் திறந்தால் அரை நாளில் வயல் நிறையும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் வேகம் செத்து, இருவருக்கும் கணுக்கால்கூட நனையாது. ஆனால் அப்பாவும் மாமாவும் சேர்ந்துதான் திறப்பார்கள். அப்புறம் சேர்ந்தே சண்டை போடுவார்கள். புருஷனுக்கும் அண்ணனுக்கும் நடுவில் அம்மா பாத்திரம் தேய்ப்பாள்.

அந்த முறை விளையாட்டில்லை. இரண்டு வயலிலும் நெல் பால் பிடிக்கிற சமயம். ஒரு தண்ணீர் தவறினால் கதிர் பதராகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் எங்கள் வீட்டில் உட்காரவைத்து என் சட்டத்தைப் படித்தேன். தண்ணீர் வேண்டும் என்பவர் முதலில் தன் மடையில் ஒரு கம்பு நட்டுத் துண்டைத் தொங்கவிட வேண்டும். பிறகு எதிர்க்கரையைப் பார்க்க வேண்டும். அங்கே துண்டு இல்லை என்றால் மடையைத் திறக்கலாம். இருந்தால், அது இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். பாய்ச்சி முடித்ததும் மடையை அடைத்துத் துண்டை எடுத்துவிட வேண்டும். இரண்டு மடையும் ஒரே நேரத்தில் திறக்கவே முடியாது என்பதற்கு நாலு பக்கம் நிரூபணமும் வாசித்தேன்.

மாமா காதைக் குடைந்துகொண்டே கேட்டார். “ஏன் மாப்ள, ரெண்டு பேரும் ஒரே சமயத்துல துண்டு போட்டுட்டா?”

“அப்பவும் ரெண்டு மடையும் ஒண்ணாத் தொறக்காதுங்க மாமா. மூணாம் பக்கத்துல இருக்குதுங்க.”

(இதை நான் எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் என்று அம்மா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.)

தண்ணீர் விட்ட அன்று நான் முதல் பஸ்ஸில் பொள்ளாச்சி போய்விட்டேன், நாலு பக்கத்தையும் டைப் அடித்துப் பேராசிரியருக்கு அனுப்ப. நிரூபித்த காரியத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பது அவநம்பிக்கை அல்லவா? நாலு மணிக்குத் திரும்பி நேரே வயலுக்குப் போனேன்.

கிழக்குக் கரையில் அப்பா. மேற்குக் கரையில் மாமா. இருவர் பின்னாலும் கம்பில் துண்டு. நடுவில் வாய்க்கால் ததும்பத் ததும்பத் தண்ணீர், யாரையும் சட்டை பண்ணாமல் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. விடிந்ததும் இருவரும் ஒரே ஓட்டமாக வந்து ஒரே சமயத்தில் துண்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். எதிர்க்கரையில் துண்டைப் பார்த்துவிட்டு, சட்டப்படி உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் எடுப்பவன் தோற்றவன் ஆகிவிடுவானே. மத்தியானச் சாப்பாடுகூடக் கரைக்கே வந்து சேர்ந்திருந்தது.

என்னைக் கண்டதும் மாமா ஆரம்பித்தார். “வா மாப்ள. உன்ற சட்டத்துல ஒரு குத்தம் சொல்ல முடியாது. காலைல இருந்து ரெண்டு மடையும் ஒண்ணாத் தொறக்கவே இல்ல.”

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். “எல்லாஞ் சரி கண்ணு. தண்ணி வருமா?”

நான் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அம்மா மத்தியானம் சோறு கொடுத்தனுப்பிய தூக்குப்போசியை எடுக்க வந்தாள். இரண்டு கரையையும் ஒரு பார்வை பார்த்தாள். “ஏனுங்க, தண்ணி அத்தனையும் ஆத்துக்குப் போகுது. நீங்களும் எங்கண்ணனும் யாருக்குக் காவல் இருக்கறீங்க?” என்று கேட்டுவிட்டு, துவைக்கப் போடுவதாகச் சொல்லி இந்தத் துண்டை உருவினாள், பலகைப் பாலத்தில் நடந்து போய் அந்தத் துண்டையும் உருவினாள். தோளில் இரண்டையும் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

எதிர்க்கரையில் துண்டு இல்லை என்று கண்ட இருவரும் ஒரே மூச்சில் மடையைத் திறந்தார்கள். அரை மணியில் லஸ்கர் ஷட்டரை அடைத்துவிட்டார்.

அறுவடையில் பாதிக்குப் பாதி பதர். களத்தில் அப்பா ஒரு கை நெல்லை எடுத்து ஊதினார். பறந்தது போக உள்ளங்கையில் நின்றதை என்னிடம் காட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

ஹாஸ்டலுக்குத் திரும்பி, தவறவிட்ட வகுப்பின் குறிப்பை நண்பனிடம் வாங்கினேன். முதல் வரி: ‘இதுவரை நிரூபித்ததெல்லாம், புரோகிராம் முடிந்தால் சரியாக முடியும் என்பதே. அது முடியுமா என்பது தனிக் கேள்வி.’ நோட்டை மூடிவைத்தேன். கதையைக் கேட்ட பேராசிரியர் சிரித்து முடித்துவிட்டு, அடுத்த வருஷத்திலிருந்து அந்தக் கடைசி வகுப்பை முதல் வகுப்பாக மாற்றிவிட்டார். பாடம் சொல்லும் முறையில் என்னால் விளைந்த ஒரே சீர்திருத்தம் அது.

இப்போது மூன்று வருஷம் ஆகிறது. நானே ஒரு கல்லூரியில் அதே பாடம் நடத்துகிறேன். வீட்டில் என் மதிப்பு அப்படியேதான் இருக்கிறது. மாமா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஜாதகம், வேலை, நிலம் எல்லாம் பொருந்தியிருக்கிறது என்று தரகர் அடுக்கினார். அப்பாவும் மாமாவும் ஒரே குரலில், “எல்லாஞ் சரி, தண்ணி வருமா?” என்றார்கள். தரகர் அந்த வீட்டுக் கிணற்றைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார்.

கிணறு என்றதும் நினைவுக்கு வருகிறது. இரண்டு வயலுக்கும் பொதுவாகக் கிணறு வெட்டி மோட்டார் வைத்திருக்கிறோம். முதலில் யார் போடுவது என்று அதிலும் சண்டை. இந்தத் தடவை துண்டோடு ஒரு கல்லும் சேர்த்திருக்கிறேன். இரண்டு துண்டும் தொங்கினால், கல் யார் பக்கம் இல்லையோ அவர் துண்டை இறக்கிவிட வேண்டும். பாய்ச்சி முடித்தவர் கல்லை எதிராளி பக்கம் நகர்த்த வேண்டும். இருவருக்கும் தண்ணீர் வந்தே தீரும் என்று தனியாக ஆறு பக்கம் எழுதி நிரூபித்தும்விட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்க்கப் போகிறேன்.

அப்பா மோட்டார் ரூம் சாவியைக் கொடுப்பார் என்பதற்கு மட்டும் இன்னும் நிரூபணம் கிடைக்கவில்லை.